எத்தனை மில்லிகிராம், யார் உடம்பில்

2023 ஜூன் மாதத்திலிருந்து ஒரு பேச்சு ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கிட்டா ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆகாதாம், பெரிய ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சுட்டாங்க." ஜிம்மில் சொல்கிறார்கள், யூடியூபில் சொல்கிறார்கள், ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவரும் சொன்னார். பல வருடங்களாக அந்த மருந்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு வருகிறவன் நான். இனியும் வாழ்நாள் முழுக்க ஏற்ற வேண்டியவன். அந்தப் பேச்சு அப்படியே உண்மையாக இருந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஆராய்ச்சியில் எவ்வளவு மருந்து கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், எத்தனை நாள் கொடுத்தார்கள் என்ற மூன்றையும் உதிர்த்துவிட்டு, மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். உதிர்ந்துபோன அந்த மூன்றில்தான் ஒருவருடைய ஆபத்து அடங்கியிருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுத உட்கார்ந்தேன்.

ஆராய்ச்சியின் பெயர் ட்ராவர்ஸ். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. 45 வயது முதல் 80 வயது வரை உள்ள ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்கள். எல்லோருக்கும் ஏற்கெனவே இதய நோய் இருந்தது, அல்லது வரக்கூடிய வாய்ப்பு அதிகமாக இருந்தது. எல்லோருக்கும் டெஸ்டோஸ்டிரோன் குறைவுக்கான அறிகுறிகள் இருந்தன. வெறும் வயிற்றில் இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு தடவையும் ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களை மட்டும்தான் சேர்த்தார்கள். (இனி நான் சொல்லும் ரத்த அளவுகள் எல்லாம் இதே கணக்குதான்.) பாதிப் பேருக்குத் தோலில் தடவும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஜெல். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது மருந்து தடவியவர்களில் 7.0 சதவீதம், வெறும் ஜெல் தடவியவர்களில் 7.3 சதவீதம். ஆக, மருந்தினால் கூடுதல் மாரடைப்பு இல்லை. இதுவரைக்கும்தான் ஊருக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது அளவைப் பாருங்கள். ஆரம்பத்தில் அவர்களுடைய ரத்த அளவு நடுவாக 227. மருந்து தடவியவர்களுக்கு ஒரு வருடம் கழித்து அது கூடியது நடுவாக 148 மட்டும். அதாவது ஏறக்குறைய 375. ஆரோக்கியமான இளம் ஆண்களுக்கு 264 முதல் 916 வரை இயல்பு என்று அமெரிக்காவில் வகுத்திருக்கிறார்கள். அந்த வரம்பின் கீழ்ப்பகுதியில்தான் இவர்கள் நின்றார்கள். 350க்கும் 750க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும் என்பது திட்டம், தாண்டினால் ஜெல்லைக் குறைத்துவிடுவார்கள். ஆராய்ச்சி நடந்த காலம் முழுக்க ஒருவர் உட்கார்ந்து எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 375ல் கிடைத்த பாதுகாப்பை 1,500ல் இருக்கிற ஆள் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள முடியாது.

அதே ஆராய்ச்சியில் வந்த மற்ற எண்களை யாரும் பந்தியில் சொல்வதில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற இதயத் துடிப்புக் கோளாறு மருந்துப் பக்கம் 3.5 சதவீதம், வெறும் ஜெல் பக்கம் 2.4. நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிக்கொள்வது 0.9க்கு 0.5. திடீர் சிறுநீரகப் பாதிப்பு 2.3க்கு 1.5. சின்ன எண்கள்தான். ஆனால் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. எலும்பு முறிவு என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது. டெஸ்டோஸ்டிரோன் எலும்பின் அடர்த்தியைக் கூட்டும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். முறிவு குறையும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். மருந்து தடவியவர்களுக்குத்தான் முறிவு அதிகம் வந்தது, 3.5 சதவீதம், வெறும் ஜெல் பக்கம் 2.5. ஸ்கேனில் தெரியும் அடர்த்தியை வைத்து எலும்பு உடையாது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது என்பது இதில் தெரிந்தது.

காலக் கணக்கு இன்னொன்று. சராசரியாக மருந்து தடவியது 22 மாதம், கண்காணித்தது 33 மாதம். அறுபது சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் பாதியிலேயே மருந்தை நிறுத்திவிட்டார்கள். நாற்பதில் ஆரம்பித்து எழுபது வரை போட்டுக்கொள்ளப் போகிற ஆளுக்கு இந்த 22 மாதம் எவ்வளவு தூரத்துக்குத் துணை வரும்?

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் எனக்கு ஒரு கட்டி. புற்று இல்லை, ஆனால் பார்வை நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. மூக்கு வழியாக அறுவை செய்து எடுத்தார்கள். பார்வை தப்பித்தது. சுரப்பியின் வேலை பெரும்பாலும் போய்விட்டது. விரைகளுக்கு "சுர" என்று உத்தரவு போடும் எல்.எச். ஹார்மோன் மேலிருந்து வரவில்லை. டெஸ்டோஸ்டிரோன் 60, 70 என்று நின்றது. தாடி வளர்வது குறைந்தது, காலையில் எழுந்திருக்கவே தெம்பில்லை, ஹீமோகுளோபினும் இறங்கியிருந்தது. மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையை உண்மையில் வைத்திருப்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான்: பிட்யூட்டரி பழுதானவர்கள், விரை பழுதானவர்கள், கிளைன்ஃபெல்டர் போலப் பிறவியிலேயே குறை உள்ளவர்கள்.

முதலில் எழுதிக் கொடுத்தது 250 மில்லிகிராம் ஊசி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இடுப்புக்குக் கீழே சதையில். நான்கு விதமான டெஸ்டோஸ்டிரோன் எஸ்டர்களைக் கடலை எண்ணெயில் கரைத்தது. (வேர்க்கடலை அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.) ஆம்பூலைச் சிஸ்டர் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டிச் சூடேற்றுவார், எண்ணெய் என்பதால் குளிர்ந்திருந்தால் ஊசியில் ஏறவே ஏறாது. மெல்ல, மெல்ல அழுத்துவார். எழுந்து நடக்கும்போது அந்த இடத்தில் ஒரு கனம் உட்கார்ந்திருக்கும்.

போட்ட இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து உடம்பு துள்ளும். பேச்சு வேகமாகும், தூக்கம் குறைந்தாலும் களைப்பு தெரியாது. இரண்டாவது வாரம் சமனப்படும். மூன்றாவது வாரம் சுவிட்சை அணைத்த மாதிரி ஆகிவிடும். சின்ன விஷயத்துக்கெல்லாம் வீட்டில் எரிந்து விழுவேன். "ஏங்க, ஊசி தேதி வந்துடுச்சா?" என்று என் மனைவி காலண்டரைப் பார்க்காமலே கேட்பாள். எனக்கு அந்த முதல் வாரம்தான் உண்மையான ஆரோக்கியம் என்று தோன்றியது. மூன்று வாரமும் அப்படியே இருக்கக் கூடாதா, டோஸைக் கூட்டச் சொல்லலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் என் ரிப்போர்ட்டைத் திருப்பி மேசையில் என் பக்கம் வைத்தார். பி.சி.வி. என்ற வரியில் விரலை வைத்தார். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கின்றன என்று காட்டும் எண் அது. சிகிச்சை ஆரம்பிப்பதற்கு முன் 41. அன்றைக்கு 55.

"சார், நீங்க நல்லா இருக்கிறதா சொல்ற அந்த வாரத்துலதான் உங்க ரத்தம் கெட்டியாயிட்டு இருக்கு" என்றார்.

டெஸ்டோஸ்டிரோன் ஏறும்போது சிறுநீரகம் எரித்ரோபொயட்டினைக் கூடுதலாக விடுகிறது. இரும்புச் சத்தைப் பூட்டி வைக்கும் ஹெப்சிடின் குறைகிறது. எலும்பு மஜ்ஜைக்குக் கை நிறைய இரும்பும் வேலை செய்ய உத்தரவும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. சிவப்பணு பெருகுகிறது. சோகை இருக்கிறவருக்கு இது வரம். என் ஹீமோகுளோபின் சரியானதும் இப்படித்தான். வரம்பைத் தாண்டினால் ரத்தம் குழாயில் ஓடுவதற்குச் சிரமப்படும். ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 2018ல் வெளியிட்ட வழிகாட்டி, பி.சி.வி. 54ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, அது இறங்கிய பிறகு குறைந்த அளவில் தொடங்கச் சொல்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்கிறது, ஏனென்றால் அதுவும் சிவப்பணுவைக் கூட்டும்.

இது அபூர்வமாக வரும் பக்கவிளைவு என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் டி4டிஎம் என்ற ஆராய்ச்சி 2021ல் வெளியானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1000 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் அன்டெக்கனோயேட் ஊசி, இரண்டு வருடம். மருந்து போட்டவர்களில் 22 சதவீதம் பேருக்குப் பி.சி.வி. 54ஐத் தாண்டியது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 1 சதவீதம். ஐந்தில் ஒருவருக்கு மேல்! அந்த ஊசி மற்ற ஊசிகளைப் போல் சட்டென்று ஏறி இறங்காமல் நிதானமாகப் போகக்கூடியது, அதிலேயே இப்படி. ஜெல்லில் இந்தத் தொல்லை குறைவு. குறுகிய காலத்தில் உச்சத்துக்கு ஏற்றிவிடும் ஊசிகளில் அதிகம். 2022ல் ஜர்னல் ஆஃப் யூராலஜியில் வந்த ஓர் ஆய்வு, சிகிச்சையின்போது பி.சி.வி. 52ஐத் தொட்டவர்களுக்கு முதல் வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு எல்லாம் தொடாதவர்களைவிடக் கூடுதல் என்று காட்டியது. மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்தது, அதனால் ட்ராவர்ஸ் அளவுக்கு வலுவான சான்று இல்லை. ஆனாலும் எந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதற்கு அது எனக்குப் போதும்.

என் டோஸைக் குறைத்து, இடைவெளியையும் குறைத்தார். 100 மில்லிகிராம், பத்து நாளுக்கு ஒருமுறை. மொத்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் துள்ளலும் சரிவும் சின்னதாகிவிட்டன. சில மாதங்களில் பி.சி.வி. 49க்கு வந்தது. காலண்டர் பற்றிய கேள்வியும் வீட்டில் நின்றது.

அளவு விஷயத்தில் எனக்கு மிகவும் உதவிய படிப்பு பழையது ஒன்று. ஷாலேந்தர் பாசின் என்ற இந்திய வம்சாவளி மருத்துவர் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தபோது தன் குழுவோடு செய்து 2001ல் வெளியிட்டது. (ட்ராவர்ஸ் ஆராய்ச்சியிலும் இவர் முக்கியமானவர்.) ஆரோக்கியமான 61 இளைஞர்கள். முதலில் ஒரு மருந்தால் அவர்களுடைய சொந்த டெஸ்டோஸ்டிரோனை அடக்கினார்கள். பிறகு ஐந்து குழுவாகப் பிரித்து வாரத்துக்கு 25, 50, 125, 300, 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட் ஊசி, 20 வாரம். அடுத்த ஊசிக்கு முன்னால், அதாவது மருந்து மிகவும் இறங்கியிருக்கும் நேரத்தில் எடுத்த ரத்தத்தில் கிடைத்த அளவுகள்: 253, 306, 542, 1,345, 2,370.

வாரத்துக்கு 125 என்றாலே ஓர் ஆரோக்கியமான இளைஞனின் அளவு வந்துவிடுகிறது. நம் உடம்பு ஒரு நாளைக்குத் தானாகச் செய்வது சுமார் 5 முதல் 7 மில்லிகிராம்தான் என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியமில்லை. 300ஐத் தொட்டதும் மனித உடம்பு தானாகப் போகவே முடியாத இடத்துக்குப் போய்விடுகிறது. தசை உள்ளிட்ட, கொழுப்பில்லாத உடல் எடை கூடியது, 125ல் 3.4 கிலோ, 300ல் 5.2, 600ல் 7.9. இந்த வரியைத்தான் ஜிம்மில் எல்லோரும் படிக்கிறார்கள். கூடவே ஹீமோகுளோபினும் டோஸுக்கு ஏற்றபடி ஏறியது. நல்ல கொழுப்பு என்று சொல்லும் ஹெச்.டி.எல். டோஸுக்கு ஏற்றபடி இறங்கியது. பாலியல் ஆர்வத்திலும் மனநிலையிலும் எந்த டோஸிலும் சொல்லிக்கொள்ளும் மாற்றம் இல்லை. கூடுதல் மருந்து போட்டால் கூடுதல் ஆண்மை என்று நம்பிப் பணம் கொடுக்கிறவர்கள் இந்த வரியையும் ஒரு தடவை படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

"போட்டதும் எனக்கு நல்லா இருந்துச்சு" என்பதை நான் அவ்வளவாக நம்பாததற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1889ல் பாரிஸில் பிரௌன்-செக்வார்ட் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், 72 வயதில், நாய் மற்றும் கினிப் பன்றியின் விரைச்சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பியதாக அறிவியல் சபையில் அறிவித்தார். பொய் சொல்லும் மனிதர் அவர் இல்லை. அந்தச் சாற்றில் வேலை செய்யும் அளவுக்கு டெஸ்டோஸ்டிரோன் இருந்திருக்கவே முடியாது என்று பின்னாளில் தெரிந்தது. அவருக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

சரி, ஜிம்மில் போடும் பையன்கள். என் சித்தப்பா மகன் ஒருவன். முப்பதைத் தாண்டியவன், கல்யாணமாகிவிட்டது, குழந்தைக்காக வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஜிம் மாஸ்டர் சொல்லி வாரம் 250 போட்டுக்கொண்டிருந்தான். மருந்துச்சீட்டு யாரும் எழுதவில்லை. நான் வேண்டாம் என்றதும் அவன் கேட்டது நியாயமான கேள்வி.

"நீங்களே போட்டுக்கறீங்க அண்ணா. எனக்கு மட்டும் ஏன் வேணாங்கறீங்க?"

எனக்கு மேலிருந்து உத்தரவு வருவது நின்றுவிட்டது. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் என் விரைகள் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அவனுக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து ஊசி ஏறியதும், மாடித் தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நின்றுவிடுவது போல, பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு உத்தரவு ஹார்மோன்களையும் நிறுத்திவிடும். விந்தணு உற்பத்திக்கு விரைக்குள்ளே இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் முக்கியம். அது ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாக இருக்க வேண்டும். எல்.எச். நின்றால் உள்ளே வற்றிவிடும். ரத்த ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் எக்கச்சக்கமாக இருக்கும், விந்துப் பரிசோதனையில் அணு இருக்காது.

அவனிடம் நான் சொன்னது உலக சுகாதார நிறுவனத்தின் ஓர் ஆராய்ச்சியை. 1990ல் லான்செட் இதழில் வந்தது. ஆண்களுக்கான கருத்தடை ஊசி சாத்தியமா என்று பார்த்தார்கள். 271 ஆரோக்கியமான ஆண்கள். கொடுத்த மருந்து டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட், வாரத்துக்கு 200 மில்லிகிராம். 157 பேருக்கு விந்தணுவே இல்லாமல் போனது. அவர்கள் வேறு எந்தக் கருத்தடையும் இல்லாமல் ஒரு வருடம் அந்த ஊசியை மட்டும் நம்பி இருந்ததில், எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு கர்ப்பம்.

"மாஸ்டர் உனக்குக் கொடுக்கிறது அதைவிட ஜாஸ்திடா" என்றேன். அவன் அப்புறம் ஒன்றும் பேசவில்லை. ஒரு வருடமாக அவன் மனைவியைத்தான் டாக்டர் டாக்டராகக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு எத்தனை ஸ்கேன், எத்தனை மாத்திரை. இவனிடம் யாரும் ஒரு விந்துப் பரிசோதனைகூடக் கேட்கவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை.

நிறுத்தினால் திரும்பி வருமா என்றால், பெரும்பாலும் வரும். இத்தகைய கருத்தடை ஆராய்ச்சிகளில் கலந்துகொண்டவர்களை ஒன்று திரட்டி 2006ல் ஒரு கணக்கு போட்டார்கள். மருந்தை நிறுத்தி ஆறு மாதத்தில் 67 சதவீதம் பேருக்கும், ஒரு வருடத்தில் 90 சதவீதம் பேருக்கும், இரண்டு வருடத்தில் எல்லோருக்கும் மில்லிலிட்டருக்கு 2 கோடி அணுக்கள் என்ற அளவு திரும்பியது. ஆனால் அவர்கள் எடுத்தது அளவான, தரமான மருந்து. நாலைந்து ஸ்டீராய்டுகளைக் கலந்து பல வருடம் "சைக்கிள்" போட்டவர்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே நீட்ட முடியாது. திடீரென்று நிறுத்தினால் சொந்தச் சுரப்பு விழிப்பதற்குள் சில மாதம் சோர்வும் மனச்சோர்வும் வாட்டும். அந்த இடைவெளி தாங்காமல்தான் பலர் மறுபடி ஊசிக்குப் போகிறார்கள். அவனை ஆண்ட்ராலஜிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினோம். குழந்தை வேண்டும் என்கிறவர்களுக்கு ஹெச்.சி.ஜி. ஊசி, குளோமிஃபீன் போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. அவை விரையை எழுப்பி வேலை வாங்குபவை. என்னைப் போல் பிட்யூட்டரி பழுதானவர்களும் குழந்தை வேண்டிய காலத்தில் ஹெச்.சி.ஜி. போன்ற ஊசி வழியில்தான் போவார்கள். சீக்கிரத்தில் குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறவருக்கு டெஸ்டோஸ்டிரோன் எழுதக் கூடாது என்று எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டியிலேயே இருக்கிறது.

புராஸ்டேட் பற்றிய பயத்தை இரண்டு வார்த்தையில் முடிக்கிறேன். 1941ல் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர், விரைகளை நீக்கினால் புராஸ்டேட் புற்று சுருங்குகிறது என்று காட்டினார். பின்னாளில் நோபல் பரிசும் வாங்கினார். டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் புற்று வளரும் என்பதும் அங்கிருந்தே வந்தது. அந்த இரண்டாவது முடிவு கிட்டத்தட்ட ஒரே ஒரு நோயாளியை வைத்து எழுந்தது என்று ஏப்ரஹாம் மார்கெண்டாலர் என்ற யூராலஜிஸ்ட் பழைய கட்டுரைகளைத் தோண்டி எடுத்துக் காட்டினார். ட்ராவர்ஸில் தீவிர வகைப் புராஸ்டேட் புற்று மருந்துப் பக்கம் 5 பேர், மறுபக்கம் 3 பேர். ஒவ்வொரு பக்கமும் சுமார் இரண்டாயிரத்து அறுநூறு பேரில். அதற்காகப் புராஸ்டேட்டைக் கண்காணிக்கும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் விடலாம் என்று ஆகாது. அந்த ஆராய்ச்சியில் பி.எஸ்.ஏ. அதிகம் உள்ளவர்களை முதலிலேயே கழித்துவிட்டார்கள். முதல் வருடத்துக்குள் பி.எஸ்.ஏ. 1.4க்கு மேல் கூடினால் யூராலஜிஸ்டைப் பார்க்கச் சொல்கிறார்கள். நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

என் வயதுக்காரர்களிடம் சொல்ல வேண்டியது வேறு. தொப்பை, சர்க்கரை, தூக்கமின்மை, அலுப்பு. மாஸ்டர் ஹெல்த் செக்கப் பாக்கேஜில் டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்து வருகிறது. சாப்பிட்டுவிட்டு மத்தியானம் கொடுத்த ரத்தத்தில் 280 என்று வந்ததும் பதறிப்போய் எனக்குப் போன் செய்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், சாப்பிட்டால் குறையும், காய்ச்சலில் குறையும். பருமனானவர்களுக்கு அதைச் சுமக்கும் எஸ்.ஹெச்.பி.ஜி. புரதம் குறைவாக இருப்பதால் மொத்த அளவு குறைவாகக் காட்டும், வேலை செய்யும் பகுதி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். காலையில், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு முறை பார்க்காமல் யாருக்கும் குறைவு என்று சொல்லக் கூடாது. ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான 3,369 ஆண்களைப் பார்த்த ஆராய்ச்சியில், குறைந்த அளவும் மூன்று பாலியல் அறிகுறிகளும் சேர்ந்து இருந்தால்தான் குறைபாடு என்று கணக்கிட்டபோது, 2.1 சதவீதம் பேர்தான் தேறினார்கள். ஆனால் அமெரிக்காவில் 2001க்கும் 2011க்கும் இடையில் நாற்பது தாண்டிய ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் எழுதுவது மூன்று மடங்குக்கு மேல் ஆனது. புதிதாக ஆரம்பித்தவர்களில் நாலில் ஒருவருக்கு அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் ரத்த அளவே பார்த்திருக்கவில்லை.

நான் மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. பெரிய இடுப்பளவுள்ள, சர்க்கரையின் வாசலில் நின்ற ஆண்கள் அவர்கள். எல்லோரையும் எடை குறைப்புத் திட்டத்தில் சேர்த்து, பாதிப் பேருக்கு டெஸ்டோஸ்டிரோனும் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் சர்க்கரை நோய் இருந்தவர்கள் மருந்துப் பக்கம் 12 சதவீதம், மறுபக்கம் 21. இது பெரிய வித்தியாசம்தான், மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதற்கு விலையாக வந்தது அந்த 22 சதவீத பி.சி.வி. என் நண்பர் யாராவது கேட்டால், முதலில் எடையைக் குறையுங்கள், குறட்டைக்குச் சிகிச்சை பாருங்கள் என்றுதான் சொல்வேன்; எடை இறங்கினால் சொந்த டெஸ்டோஸ்டிரோனே ஏறும், அதற்குப் பி.சி.வி. பார்க்க வேண்டியதில்லை.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015ல் டெஸ்டோஸ்டிரோன் மருந்துகளின் குறிப்பில் மாரடைப்பு, பக்கவாதம் பற்றி எச்சரிக்கை சேர்த்தது. ட்ராவர்ஸுக்குப் பிறகு 2025ல் அதை எடுக்கச் சொன்னது. அதே அறிவிப்பில் ரத்த அழுத்தம் கூடும் என்ற எச்சரிக்கையை எல்லா டெஸ்டோஸ்டிரோன் மருந்துகளுக்கும் சேர்க்கச் சொன்னது. வீட்டில் பி.பி. மெஷின் வாங்கி வைத்தது அதைப் படித்த பிறகுதான்.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் உதவும் ஒன்று: ரத்தம் எந்த நாளில் எடுக்கிறீர்கள் என்பது ரிப்போர்ட்டின் அர்த்தத்தையே மாற்றிவிடும். எனாந்தேட் போன்ற ஊசிகளுக்கு இரண்டு ஊசிக்கு நடுநாளில் எடுக்க வேண்டும். 350க்கும் 600க்கும் இடையில் இருந்தால் டோஸ் சரி. மூன்று மாத அன்டெக்கனோயேட் ஊசிக்கு அடுத்த ஊசி போடும் முன். ஜெல்லுக்குத் தடவிய 2 முதல் 8 மணி நேரத்துக்குள். ஊசி போட்ட மறுநாள் எடுத்துவிட்டு 1,200 என்று பயப்படுகிறவர்களும், கடைசி நாளில் எடுத்து 250 என்று டோஸைக் கூட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜெல் தடவுகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தடவிய இடத்தைத் துணியால் மூடிவிட வேண்டும். அப்பாவின் தோளில் சாய்ந்த குழந்தைகளுக்கு வயதுக்கு மீறிய வளர்ச்சி வந்த சம்பவங்களால் அமெரிக்காவில் 2009லேயே மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டார்கள்.

எனக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தது, ட்ராவர்ஸின் 3.5க்கு 2.4 என்ற வரி எனக்கு வெறும் புள்ளிவிவரமாக இல்லை. மருத்துவரிடம் அதைச் சொன்னேன். மருந்தை நிறுத்த முடியாது, நிறுத்தினால் எலும்பும் ரத்தமும் போய்விடும். ஆனால் 600ஐ ஒட்டி வைத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்றார். இடைவெளியைப் பன்னிரண்டு நாளாக்கினோம். இப்போது நடுநாள் அளவு 430ஐ ஒட்டி நிற்கிறது. ஜிம்மில் தூக்கும் எடை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, தெம்பு இறங்கவில்லை. அடுத்த ரிப்போர்ட்டில் பி.சி.வி. 50க்குக் கீழே இருந்தால் இதே அளவு. ஏறியிருந்தால் ஊசியை விட்டு ஜெல்லுக்கு மாறுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.